சனியின் பனி நிலவுகள்: படத்தை எடுங்கள், குறிப்பை வெட்டாதீர்கள்

பாளையங்கோட்டை வட்டாரத்துப் பள்ளி ஒன்றின் அறிவியல் கண்காட்சியில், சனிக் கோளின் பனி நிலவான என்செலடஸ் என்ற தலைப்பின்கீழ், நீல வானமும், அதில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கும் வளையங்களும், பனிப்பாறைகளுக்கு நடுவே ஓடும் ஆறுமாக ஒரு படம் ஆளுயர ஃபிளெக்ஸில் தொங்கிக்கொண்டிருந்தது. அது கணினியிடம் கேட்டு வாங்கிய செயற்கைப் படம். பக்கத்து மேசையில், சனியைச் சுற்றிவந்த நாசாவின் காசினி விண்கலம் உண்மையிலேயே எடுத்த என்செலடஸின் படம், நீலப் பச்சைக் கீறல்களோடு, ஒரு சாதாரணத் தாளில் ஒட்டப்பட்டிருந்தது. பார்க்க வந்திருந்த பெற்றோர் ஒருவர் ஃபிளெக்ஸைக் கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டு, உண்மைப் படத்தைக் காட்டி, “இது கம்ப்யூட்டர்ல போட்ட கலர்தான சார், நாசாக்காரன் சொன்னா நம்பிருவியளோ?” என்று என்னிடம் கேட்டார். இயற்பியல் கற்பிப்பவன், அதிலும் எண்முறைப் படச்செயலாக்கம் கற்பிப்பவன் என்ற முறையில், நடுவராகச் செல்லும் இடங்களிலெல்லாம் இதே கேள்வியைக் கேட்டு அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நிறம். காசினியின் குறுங்கோணக் கேமரா, அகலக்கோணக் கேமரா ஆகிய இரண்டுமே கறுப்பு வெள்ளைக் கேமராக்கள். 1024க்கு 1024 படப்புள்ளிகள் (பிக்சல்கள்) கொண்ட அவற்றின் உணரி (சென்சார்), தன்மேல் எவ்வளவு ஒளி விழுந்தது என்பதை மட்டுமே அளக்கும்; அந்த ஒளி சிவப்பா நீலமா என்பது அதற்குத் தெரியாது. ஆகவே உணரிக்கு முன்னால் சுழலும் சக்கரங்களில், குறிப்பிட்ட நிற ஒளியை மட்டும் உள்ளே விடும் ஃபில்டர்களைப் பொருத்தியிருந்தார்கள். குறுங்கோணக் கேமராவில் 24, அகலக்கோணக் கேமராவில் 18. ஒரே காட்சியைச் சிவப்பு, பச்சை, நீல ஃபில்டர்களின் வழியே அடுத்தடுத்து எடுத்து, பூமிக்கு அனுப்பி, இங்கே மூன்றையும் ஒன்றாகச் சேர்க்கும்போது நிறப்படம் கிடைக்கிறது. இது வர்ணம் பூசுவது அன்று; மூன்று முறை அளந்ததைக் கூட்டுவது.

உங்கள் கைப்பேசியின் உணரியும் நிறம் அறியாததுதான். அதன் ஒவ்வொரு புள்ளியின்மேலும் சிவப்போ பச்சையோ நீலமோ ஒரு நுண்ணிய ஃபில்டர் ஒட்டப்பட்டிருக்கிறது. மீதியைக் கணக்கிட்டு நிரப்புவது அதற்குள் இருக்கும் மென்பொருள். அந்தக் கைப்பேசியில் எடுத்த கல்யாணப் புகைப்படத்தை ‘கம்ப்யூட்டரில் போட்ட கலர்’ என்று எவரும் ஒதுக்கியதில்லை.

இன்னும் சந்தேகப்படுகிறவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு செவ்வாழைப் பழத்தை வாழையிலையின்மேல் வையுங்கள். கைப்பேசிக் கேமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றி, லென்ஸுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடித் தாளைப் பிடித்து ஒரு படமும், பச்சைத் தாளைப் பிடித்து இன்னொரு படமும் எடுங்கள். முதல் படத்தில் பழம் வெளுத்து இலை கறுத்திருக்கும். இரண்டாவதில் இலை வெளுத்துப் பழம் கறுத்திருக்கும். இரண்டு படத்திலும் நிறமே இல்லை, ஆனாலும் எது பழம், எது இலை, எது எந்த நிறம் என்பதை அவற்றிலிருந்தே சொல்லிவிடலாம். கண்காட்சியில் மாதிரி எரிமலைக்குச் செலவிடும் நேரத்தில் நான்கில் ஒரு பங்கு போதும், மாணவர்கள் இதைச் செய்து காட்டிவிடுவார்கள்.

ஆனால் எல்லாப் படமும் கண்ணுக்குத் தெரியும் நிறத்தில் இருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2005 ஜூலையில் என்செலடஸை நெருங்கிக் கடந்தபோது எடுத்த படங்களைச் சேர்த்து உருவாக்கிய புகழ்பெற்ற படத்தில், தென்முனையில் ‘புலிவரிகள்’ எனப்படும், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் நீளமுள்ள விரிசல்கள் நீலப் பச்சையாகத் தெரிகின்றன. அந்தப் படத்தில் புற ஊதா, அகச்சிவப்பு ஃபில்டர்களின் அளவுகளும் சேர்க்கப்பட்டுள்ளன. நேரில் போய்ப் பார்த்தால் அந்த இடம் நம் கண்ணுக்கு வெள்ளையாகத்தான் இருக்கும். ஆனாலும் அந்த நீலம் வெறும் அலங்காரம் அன்று. பருமனான பனித்துகள்கள் கிடக்கும் இடத்தை, நுண்தூள் படிந்த இடத்திலிருந்து அது பிரித்துக் காட்டுகிறது. அதே ஆண்டு நவம்பரில், சூரியன் அந்த நிலவுக்குப் பின்னால் இருக்கும்படியான கோணத்திலிருந்து எடுத்த படத்தில், தென்முனையிலிருந்து பீறிடும் பனித்துகள் தாரைகள் தெரிந்தன. அதன் ஒரு பதிப்பில் மட்டும், மங்கலான தாரைகளும் கண்ணில் படட்டும் என்று, பிரகாசத்தின் ஒவ்வொரு படிக்கும் ஒரு நிறத்தை ஒதுக்கினார்கள். அந்த ஒன்றில் நிறம் நிச்சயமாகக் கணினியில் இட்டதுதான்.

இப்படி மூன்று விதமான நிறங்கள் இருக்கும்போது, கையில் இருப்பது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? படத்தின் கீழேயே எழுதியிருக்கிறது. எந்தக் கேமரா, எந்த ஃபில்டர்கள், எந்தத் தேதி, எவ்வளவு தொலைவு, ஒரு படப்புள்ளி எத்தனை மீட்டர், நிறம் இயல்பானதா மிகைப்படுத்தியதா என்று நாசா வெளியிடும் படக்குறிப்பு சொல்லிவிடுகிறது. அந்தக் குறிப்பை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் எடுத்து, வாட்ஸ்அப் குழுவுக்கும் சனிப்பெயர்ச்சி பேனருக்கும் பள்ளிச் சுவருக்கும் அனுப்பிவிட்டு, ‘நாசா மறைக்கிறது’ என்று சொல்வதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. மறைத்தது வெட்டியவரின் விரல்.

குறிப்பு இல்லாவிட்டால் பிரகாசமும் ஏமாற்றும். என்செலடஸ் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புகிற வெள்ளை வெளேர் நிலவு. சனியின் இன்னொரு நிலவான இயாபெடஸின் ஒரு பாதியோ கரி போன்றது. இரண்டையும் தனித்தனியே வெளிச்சம் கூட்டி அச்சிட்டால், பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரியும். படச்செயலாக்கம் படிக்கிற முதுகலை மாணவர்களே இதில் தடுக்கி விழுகிறார்கள்.

மற்ற ஐயங்களைச் சுருக்கமாக முடித்துவிடலாம். செயலாக்கம் செய்யாத படங்களில் காணப்படும் வெள்ளைப் புள்ளிகளும் சிறு கோடுகளும், காஸ்மிக் கதிர்கள் உணரியைத் தாக்கிய தடங்கள்; வேற்றுக்கிரக ஊர்திகள் அல்ல. கறுப்புப் பட்டைகள், வழியில் தொலைந்த தகவல். மைமாஸ் நிலவின் ஓரத்தில் தெரியும் நீலக் கீற்று வளிமண்டலம் அன்று. ஒரு ஃபில்டருக்கும் அடுத்த ஃபில்டருக்கும் இடைப்பட்ட நொடிகளில் விண்கலமும் நிலவும் நகர்ந்துவிட்டதால், சரியாகப் பொருந்தாமல் போன விளிம்பு. நட்சத்திரங்கள் தெரியாததற்குக் காரணம் குறைந்த ஒளிப்பதிவு நேரம். நீண்ட நேரம் பதிவு செய்த படங்களில் அவை கோடுகளாக இழுபட்டுத் தெரியவே செய்கின்றன.

போலியைப் பிடிக்க வானியல் பட்டம் தேவையில்லை. சனியின் நிலவுகளில் டைட்டனைத் தவிர வேறு எதிலும் இதுவரை எந்தக் கலமும் இறங்கியதில்லை. காசினி சுமந்து சென்ற ஹைகன்ஸ் கலம் 2005 ஜனவரி 14 அன்று இறங்கியது மூடுபனி சூழ்ந்த அந்த டைட்டனில்தான். ஆகவே என்செலடஸ் தரையில் நின்று சனியைப் பார்ப்பது போன்ற படம் எதுவானாலும் அது ஓவியம், அல்லது செயற்கைப் படம். அந்த ஓவியத்திலும் வளையங்கள் அகன்று விரிந்திருந்தால் வரைந்தவர் யோசிக்கவில்லை என்று பொருள்; என்செலடஸ் வளையங்களின் தளத்திலேயே சுற்றுவதால், அங்கிருந்து பார்த்தால் வளையம் மெல்லிய கோடாகவே தெரியும். பெரிய நிலவுகளில், வளையங்கள் நன்றாக விரிந்து தெரியுமளவுக்குச் சாய்ந்த பாதையில் சுற்றுவது இயாபெடஸ்தான். ‘நேற்று எடுத்த அண்மைப் படம்’ என்று வந்தால் அதையும் தள்ளுங்கள். காசினி 2017 செப்டம்பர் 15 அன்று சனியின் வளிமண்டலத்தில் எரிந்து முடிந்தது. அதன்பிறகு அங்கே வேறு கலம் போகவில்லை. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிக்கும் என்செலடஸ் சில படப்புள்ளிகள்தான்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். படத்தைத் தேடுபொறியின் முதல் பக்கத்திலிருந்து எடுக்காதீர்கள். நாசாவின் தளத்திலிருந்து எடுங்கள், காசு கேட்கமாட்டார்கள். ஃபிளெக்ஸ் கடைக்கு அனுப்பும்போது குறிப்பையும் சேர்த்தே அனுப்பி, பேனருக்கு ஏற்றபடி படத்தை இழுத்து நீட்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். இப்படி இழுபட்டு முட்டை வடிவமான ரியா நிலவைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. செயற்கைப் படம்தான் வேண்டும் என்றால் தாராளமாக வையுங்கள், ஆனால் ‘கற்பனைப் படம்’ என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் மகேந்திரகிரி இருக்கிற மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது அதிகமான எதிர்பார்ப்பு அன்று. அடுத்த கண்காட்சியிலிருந்து, குறிப்பு இல்லாமல் ஒட்டிய விண்வெளிப் படத்துக்கு நான் மதிப்பெண் போடப்போவதில்லை. பெற்றோர் என்னிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம்.