புனல் மின்சாரம்: ஹைட்ரோ பவருக்கு நம்ம சொல்

ஹைட்ரோ பவர்ல வர்ற ஹைட்ரோ, கிரேக்கத்துல தண்ணிக்கு உள்ள சொல்லுல இருந்து வந்தது. தமிழ்ல நீர்மின்சாரம், புனல் மின்சாரம்னு ரெண்டும் புழங்குது, ரெண்டும் சரிதான், ஆனா நான் புனல் பக்கம்.

இப்ப புனல்னா எண்ணெய் ஊத்துறதுதான் ஞாபகம் வரும். பழைய தமிழ்ல அது ஓடுற தண்ணி, ஆத்துப் பெருக்கு. சம்பந்தர் கதையில அனல்வாதம், புனல்வாதம்னு வருமே, வைகையில ஏட்டை விட்டு எதிர்நீச்சல் போட்டுச்சுன்னு சொல்வாங்களே, அந்தப் புனல்தான் இது. அதனாலதான் அனல் மின் நிலையம், புனல் மின் நிலையம்னு ஜோடியா அவ்வளவு அழகா பொருந்துது.

அர்த்தமும் பொருந்துது. டேம்ல தேங்கி நிக்குற தண்ணி தானா கரெண்ட் தராது, உயரத்துல இருந்து பாய்ஞ்சு டர்பைனை, அதாவது சுழலியை, சுத்தணும். நீலகிரி பைக்காராவுல 1932-ல ஆரம்பிச்சப்பவே 3,000 அடிக்கு மேல உயரத்துல இருந்து பைப்புல தண்ணிய இறக்கினாங்க. கரெண்ட் எடுத்த தண்ணியில சத்து இருக்காதுன்னு ஊர்ப்பக்கம் ஒரு பேச்சு உண்டு, அது துளியும் உண்மையில்ல, தண்ணி இழக்கறது உயரத்தையும் வேகத்தையும்தான். மேட்டூர்ல பாசனத்துக்குத் திறந்துவிடுற தண்ணி அங்க கரெண்ட் குடுத்துட்டு, கீழ செக்கானூர், நெருஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டைன்னு ஒவ்வொரு கதவணை மின் நிலையத்துலயும் மறுபடி மறுபடி சுழலியைச் சுத்திட்டு அப்புறம் டெல்டா வயலுக்கும் போகுது.

தமிழ்நாட்டுல புனல் மின் நிலையங்களோட மொத்தத் திறன் சுமார் 2,300 மெகாவாட். அனலை விட ரொம்பக் கம்மிதான், ஆனா நிலக்கரி பாய்லர் சூடேறி கரெண்ட் தர பல மணி நேரம் ஆகும், இங்க வால்வைத் திறந்தா சில நிமிஷத்துல வந்துடும், சாயங்காலம் சோலார் விழுந்து எல்லா வீட்லயும் லைட்டும் ஃபேனும் ஒரே நேரத்துல ஓடுற அந்த பீக் அவர்ல கைகொடுக்கறது இதுதான்.

பம்ப்டு ஸ்டோரேஜுக்கு நீரேற்று மின் நிலையம்னு பேரு. ஆனைமலைப் பக்கம் கடம்பாறையில 400 மெகாவாட்டுக்கு இருக்கு. கரெண்ட் மிச்சமா இருக்கறப்ப கீழ் அணைத் தண்ணிய மேல ஏத்தி வச்சு, தேவைப்படுறப்ப இறக்குவாங்க. ஏத்த ஆகுற கரெண்ட்டை விட திரும்பக் கிடைக்கறது கம்மி, இருந்தாலும் காத்தாலையும் சோலாரும் பெருகப் பெருக இந்த மாதிரி நிலையங்கள் இன்னும் நிறைய வேணும்.