பம்பு ஓடியதும் சிப் ஏன் மறந்துபோகிறது?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து கொஞ்ச தூரம் உள்ளே போனால், செம்பனைக்கு நடுவே எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில். பின்பக்கம் ஒரு கிணறு, 1 குதிரைத்திறன் பம்பு, இரும்புச் சட்டத்தின் மேல் நீலத் தண்ணீர்த் தொட்டி. சில நாள் தொட்டி வழிந்து மடைப்பள்ளி வாசல் சேறாகும். சில நாள் அபிஷேக நேரத்தில் குழாயில் காற்றுதான் வரும். பம்பைத் தானாக ஓட்டி நிறுத்த ஒரு சின்னப் பெட்டி செய்து கொடுத்தேன்.

பெட்டிக்குள் இருப்பது ஏடிமெகா 328பி என்ற மைக்ரோகண்ட்ரோலர். நுண்கட்டுப்படுத்தி என்றும் சொல்வார்கள். விரல் நீளச் சிப் ஒன்றுக்குள் ஒரு முழுக் கணினி: நிரலுக்கு 32 கிலோபைட், ஓடும்போது நினைவில் வைத்துக்கொள்ள 2 கிலோபைட், வினாடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்பு. வேலை எளிது. தொட்டியின் அடியில் ஒரு மிதவை, மேலே ஒரு மிதவை. அடி மிதவை காய்ந்தால் பம்பு ஓட வேண்டும், மேல் மிதவை எழுந்தால் நிற்க வேண்டும். தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் இருக்கும்போது? இப்போது நிரப்பிக்கொண்டிருக்கிறோமா, செலவழித்துக்கொண்டிருக்கிறோமா என்பது சிப்புக்கு ஞாபகம் இருக்க வேண்டும். அதற்கு ஒரே ஒரு பிட், அதாவது ஆம்-இல்லை என்ற ஒரே ஒரு குறிப்பு போதும்.

வீட்டு மேசையில் பம்புக்குப் பதில் ஒரு பல்பை மாட்டி இரண்டு நாள் ஓட்டினேன். ஒரு தப்பும் இல்லை. கோயிலில் மாட்டியதும் பம்பு ஒரு உறுமல் உறுமி நின்றது. மறுபடி உறுமியது, நின்றது. சிப் சொல்வதைக் கேட்டுப் பம்பைப் போட்டு அணைக்கும் மின்காந்த சுவிட்சான ரிலே டக் டக்கென்று அடித்துக்கொண்டது. பண்டாரம் ஓடிவந்து மெயினை அணைத்தார்.

நடந்தது இதுதான். பம்பு கிளம்பும் நொடியில் சிப் ரீசெட் ஆகிறது. ரீசெட் ஆனால் அதன் கால்கள் எல்லாம் கையை விட்டுவிடும். ரிலே விழும், பம்பு நிற்கும். நிரல் முதலிலிருந்து தொடங்கும். தொட்டி காய்ந்திருப்பதைப் பார்த்து மறுபடி பம்பைப் போடும். இப்படியே சுற்றும்.

நிரலில்தான் கோளாறு என்று ஒரு வாரம் தேடினேன். சிப்பையே கேட்டிருக்கலாம் என்று அப்புறம்தான் தோன்றியது. கடைசியாக ஏன் ரீசெட் ஆனோம் என்பதை அது தனக்குள் உள்ள ஒரு பதிவகத்தில் (சின்ன நினைவுக் கட்டத்தில்) குறித்து வைத்திருக்கும். மின்சாரம் புதிதாக வந்ததா, ரீசெட் காலை யாராவது தொட்டார்களா, மின்னழுத்தம் விழுந்ததா (பிரவுன்-அவுட்), நிரல் சிக்கிக்கொண்டால் ரீசெட் செய்யும் வாட்ச்டாக் எழுப்பியதா என்று நான்கு காரணங்கள். நிரல் தொடங்கியதும் அதைப் படித்து, மின்சாரம் போனாலும் அழியாத ஈப்ராமில் எண்ணி வைக்கச் சொன்னேன். 31 தடவையும் ஒரே பதில்: பிரவுன்-அவுட். 5 வோல்ட் எங்கோ 4.3 வோல்ட்டுக்குக் கீழே விழுகிறது. மல்டிமீட்டரோ அசையாமல் 5 காட்டியது. அது வினாடிக்குச் சில தடவைதான் பார்க்கும். சிப்பைக் கவிழ்க்க மில்லியனில் சில பங்கு வினாடி போதும்.

விடையைக் கண்டவர் என் சின்னம்மா. 1972-இல் இன்டெல் பினாங்கில் ஆலை திறந்த பிறகு, அங்குள்ள பாயான் லெப்பாசில் ஒன்றன்பின் ஒன்றாக மின்னணு ஆலைகள் வந்தன. அவற்றில் ஒன்றில் பல வருஷம் போர்டு பொருத்தும் வரிசையில் இருந்தவர். கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"ஏன்டா தம்பி, சிப் பக்கத்துல அந்தப் பொடி மணி ஒண்ணும் காணோமே?"

"என்ன மணி சின்னம்மா?"

"மஞ்சளா, மிளகு மாதிரி. நாங்க செஞ்ச போர்டுல அது இல்லாத சிப்பே கிடையாது."

அவர் சொன்னது 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர். மடைப்பள்ளியில் அடுப்புப் பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கும், இல்லையா? ஒரு கை தண்ணீருக்காகக் கிணற்றுக்கு ஓட மாட்டோம். சிப்புக்குச் செம்பு அந்தக் கெப்பாசிட்டர்தான். ஒரு மீட்டர் கம்பியின் தூண்டல் (மின்னோட்டம் சட்டென்று மாறுவதை எதிர்க்கும் குணம்) ஏறக்குறைய 1 மைக்ரோஹென்றி. சிப் 50 நானோநொடியில் 50 மில்லிஆம்பியர் கூடுதலாகக் கேட்டால், அந்தக் கம்பியிலேயே 1 வோல்ட் தொலைந்துவிடும். சிப்புக்கு 5 வோல்ட் கொடுக்கும் என் சார்ஜரோ இரண்டு மீட்டர் தள்ளி இருந்தது. போதாக்குறைக்கு ரிலேயின் தொடுமுனைகள் மூடும்போது துள்ளித் துள்ளிப் பொறி விட, அந்த இரைச்சல் முழுவதும் கம்பிகளில் ஏறியது. மணியைச் சிப்பின் மின்கால்களை ஒட்டிப் பற்றவைத்தேன். தள்ளி வைத்தால் பயன் குறைந்துவிடும். ரிலேக்கு ஒரு குடம் மாதிரி 470 மைக்ரோஃபாரட் தனியாக. ரிலே இழுக்கும் 71 மில்லிஆம்பியரை ஒரு மில்லிநொடி அதுவே கொடுத்தாலும் 0.15 வோல்ட்தான் குறையும்.

டயோடு கதை வேறு. ரிலேச் சுருளை அணைக்கும்போது அதன் காந்தப்புலம் சரிந்து, ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டத்தைத் தொடரப் பார்க்கும். வழி இல்லாவிட்டால் மின்னழுத்தத்தை நூறு வோல்ட்டுக்கு மேல்கூட ஏற்றிவிடும். மின்னோட்டத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் 1என்4007 டயோடு ஒன்றைச் சுருளின் குறுக்கே தலைகீழாகப் போட்டால் அது அங்கேயே சுற்றி அடங்கும். நான் போட்டிருந்தேன், ஆனால் சிப் போர்டில். ரிலே ஒரு மீட்டர் தள்ளி. அந்த ஒரு மீட்டர் கம்பி முழுவதும் ஆன்டெனா ஆகிவிட்டது. டயோடை ரிலேயின் கால்களுக்கே மாற்றினேன்.

பம்பை நேராக அந்தச் சின்ன ரிலேயில் மாட்டியது பெரிய தப்பு. மேலே 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கும், ஆனால் மோட்டார் கிளம்பும்போது ஓடும் அளவைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும். இப்போது ரிலே ஒரு காண்டாக்டரை (மோட்டார் சுமையைத் தாங்கும் பெரிய ரிலே) இயக்குகிறது, காண்டாக்டர் பம்பை இயக்குகிறது. பொறியையும் இரைச்சலையும் அடக்க, காண்டாக்டர் சுருளின் குறுக்கே 100 ஓமும் 0.1 மைக்ரோஃபாரடும் தொடராக; அந்தக் கெப்பாசிட்டர், மெயின் மின்சாரத்தின் குறுக்கே போடத் தகுந்தது என்று காட்டும் எக்ஸ்2 என்று குறித்ததாகத்தான் இருக்க வேண்டும். 240 வோல்ட் பக்கத்தை உரிமம் உள்ள வயர்மேன்தான் செய்தார். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

மிதவைக் கம்பி நீளம், இரைச்சலைப் பிடிக்கும் என்பதால், சிப்பின் உள்ளேயே உள்ள பலவீனமான மின்தடையை நம்பாமல் வெளியே 2.2 கிலோஓம் போட்டேன். மிதவை இரண்டு வினாடி மாறாமல் இருந்தால்தான் நிரல் நம்பும்.

நிரப்புகிறோமா, செலவழிக்கிறோமா என்ற அந்த ஒரு பிட்டையும் ஈப்ராமுக்கு மாற்றினேன். ஈப்ராமில் ஓரிடத்தில் ஒரு லட்சம் தடவை எழுதலாம். ஒரு நாளைக்கு நான்கு முறை நிரம்பினால், தொடங்கும்போது ஒன்றும் நிறுத்தும்போது ஒன்றுமாக எட்டு தடவை எழுதும், 34 வருஷம் தாங்கும். கடைசியாக வாட்ச்டாக். சிப்புக்குள்ளேயே தனிக் கடிகாரத்தில் ஓடும் காவல் நாய் அது. நிரல் 8 வினாடிக்குள் அதைத் தட்டிக்கொடுக்காவிட்டால் சிப்பை ரீசெட் செய்துவிடும். தட்டிக்கொடுக்கும் வரியை முதன்மைச் சுற்றில் ஒரே இடத்தில் வையுங்கள். முதன்மைச் சுற்று சிக்கினாலும் கடிகாரப்படி தானாக ஓடும் டைமர் குறுக்கீட்டில் வைத்தால், நிரல் செத்த பிறகும் நாய் நிம்மதியாகத் தூங்கும்.

ஆடித் திருவிழா முடிந்ததும் பெட்டியைத் திறந்து கணக்கைப் படித்தேன். பிரவுன்-அவுட் அதே 31. வாட்ச்டாக் ஒன்று. எந்த நாள் என்று பெட்டிக்குத் தெரியாது. பண்டாரத்தைக் கேட்டேன். இடியும் மழையும் பல நாள் இருந்தது, தண்ணீர் வராத நாள் ஒன்றுகூட இல்லை என்றார்.