செவ்வாய்ப் படத்தில் விசித்திரப் பொருளா? முதலில் அளவெடுங்கள்

செவ்வாயில் உலவும் நாசாவின் ஆளில்லா ஊர்தியான கியூரியாசிட்டி ரோவர் 2022 மே 7 அன்று எடுத்த ஒரு படம் சில நாட்களில் உலகம் முழுக்கப் பரவியது. பாறைச் சரிவில் செதுக்கி வைத்தாற்போல் ஒரு வாசல், உள்ளே இருட்டு. ஓர் ஆள் தாராளமாக நுழைந்து போகலாம் என்றுதான் பார்த்தவர்களுக்குத் தோன்றியது. உண்மையில் அதன் உயரம் சுமார் 30 சென்டிமீட்டர், அகலம் சுமார் 40 சென்டிமீட்டர். பாறையில் நேர்கோடாக ஓடும் விரிசல்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் உண்டான பள்ளம் அது.

ரோவர் படங்களைப் பற்றிக் கிளம்பும் ஊகங்களில் பெரும்பாலானவை இதே இடத்தில்தான் சறுக்குகின்றன. "இது என்ன?" என்று கேட்கிறோம், "இது எவ்வளவு பெரியது?" என்று கேட்பதில்லை. செவ்வாயில் மரமோ கம்பமோ ஆளோ கிடையாது. பக்கத்தில் வைத்து ஒப்பிட எதுவும் இல்லாதபோது, பழகிய உருவம் ஒன்றைக் கண்டதும் அதற்குப் பழகிய அளவையும் நாமே கொடுத்துவிடுகிறோம். ஸ்பிரிட் ரோவர் 2007-இல் எடுத்த அகலப் படத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதாகப் பேசப்பட்ட உருவம், சில சென்டிமீட்டர் உயரமே உள்ள கல்.

அளவெடுப்பது கடினமல்ல. முதலில் மூலப் படத்தைத் தேடி எடுங்கள். வெட்டிப் பெரிதாக்கி, கூர்மையூட்டி, சிவப்பு வட்டம் போட்ட படத்தில் அளவெடுக்கவே முடியாது. நாசா தன் ரோவர்களின் மூலப் படங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெளியிடுகிறது. கோப்பின் பெயரிலேயே பாதித் தகவல் இருக்கிறது. கியூரியாசிட்டியின் கம்பத்தில் உள்ள வண்ணக் கேமரா ஜோடியான மாஸ்ட்கேமின் படமென்றால் முதல் நான்கு இலக்கங்கள் சோல், அதாவது ரோவர் இறங்கியதிலிருந்து எத்தனையாவது செவ்வாய் நாள் என்பது. அடுத்து வரும் எம்எல் இடது கேமராவையும் எம்ஆர் வலது கேமராவையும் குறிக்கும்.

அடுத்தது தூரம். கியூரியாசிட்டியின் கம்பத்தில் நேவ்கேம் என்ற வழிகாட்டும் கேமராக்கள் ஜோடியாக உள்ளன. இரண்டுக்கும் இடைவெளி 42 சென்டிமீட்டர். ஒரு பிக்சல் 0.82 மில்லிரேடியன் கோணத்தைப் பிடிக்கும். ஒரு மீட்டர் தூரத்தில் அது 0.82 மில்லிமீட்டர். ஒரே நேரத்தில் எடுத்த இடது, வலது படங்களைத் திறந்து, அதே கல் இரண்டிலும் கிடைமட்டமாக எத்தனை பிக்சல் தள்ளி விழுகிறது என்று எண்ணுங்கள். 512-ஐ (இடைவெளி 0.42 மீட்டரை 0.00082 ரேடியனால் வகுத்துக் கிடைப்பது) அந்த எண்ணால் வகுத்தால் தூரம் ஏறக்குறைய மீட்டரில் கிடைக்கும். 64 பிக்சல் தள்ளியிருந்தால் 8 மீட்டர். 5 பிக்சல் என்றால் 100 மீட்டருக்கு மேல். அங்கே ஒரு பிக்சல் தவறினாலும் விடை 17 முதல் 26 மீட்டர்வரை மாறிவிடும். படத்தின் அகலம் 1024 பிக்சல்தானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பாதியாகச் சுருக்கிய படமென்றால் எண்ணியதை இரட்டிப்பாக்க வேண்டும். மாஸ்ட்கேம் ஜோடிக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது: அந்தக் கேமராக்கள் சற்றே உள்நோக்கித் திரும்பியவை, குவியத் தூரமும் வேறு வேறு.

தூரம் தெரிந்தபின் ஒரு பெருக்கல்தான் மிச்சம். மாஸ்ட்கேமின் இடது கேமராவில் ஒரு பிக்சல் 0.22 மில்லிரேடியன், வலதில் 0.074. வலது கேமராப் படத்தில் 40 பிக்சல் உயரமுள்ள ஓர் "எலும்பு" 8 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 0.074-ஐ 8-ஆல் பெருக்கினால் ஒரு பிக்சலுக்கு 0.59 மில்லிமீட்டர், 40 பிக்சலுக்கு 24 மில்லிமீட்டர். கட்டைவிரல் அகலமுள்ள கல். நாசாவின் இன்னொரு ரோவரான பெர்சிவியரன்ஸின் மாஸ்ட்கேம்-இசட் கேமரா ஜூம் உள்ளது. அதில் பிக்சலின் கோணம் ஜூமுக்கு ஏற்ப மாறும் என்பதால் ஒரே எண்ணை எல்லாப் படத்துக்கும் போட முடியாது.

இடது, வலது ஒப்பீடு இன்னொன்றுக்கும் உதவும். 2014 ஏப்ரல் தொடக்கத்தில் கியூரியாசிட்டியின் வலது நேவ்கேம் படங்களில் தரையிலிருந்து எழும் வெளிச்சம்போல் ஒரு வெண்புள்ளி தெரிந்தது. ஒரு நொடிக்குள் எடுத்த இடது கேமராப் படத்தில் அது இல்லை. வெளியே உண்மையாகவே விளக்கு இருந்தால், நடுவே ஏதும் மறைக்காதவரை, இரண்டு கண்ணிலும் பட்டாக வேண்டும். பாறை முகப்பில் பட்டுத் தெறித்த சூரிய ஒளி, கேமராவின் உணரியில் மோதிய காஸ்மிக் கதிர் (விண்வெளியிலிருந்து வரும் அதிவேகத் துகள்), கேமரா உறையின் துளை வழியே கசிந்த ஒளி ஆகியவையே காரணமாகப் பேசப்பட்டன. ஒற்றைப் படத்தில் மட்டும் தெரியும் ஒளிப்புள்ளியைச் செவ்வாயின் மீது ஏற்றிவிடாதீர்கள்.

படக் கோப்பைச் சிறிதாக்கும் ஜேபெக் (JPEG) சுருக்கமும் ஏமாற்றும். படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குவதால், பெரிதாக்கும்போது அந்தக் கட்டங்களின் விளிம்புகள் சுவராகவும் படிக்கட்டாகவும் எழுந்து நிற்கும். நிறமும் அப்படித்தான் ஏமாற்றும். பாறைகளை ஒப்பிட வசதியாக, பூமியின் வெளிச்சத்தில் இருப்பதுபோல் நிறம் திருத்திய படங்களையும் வெளியிடுவார்கள். அவற்றில் வானம் நீலமாகத் தெரிந்தால் எதையும் மறைத்ததாகப் பொருளில்லை.

சில நேரம் பொருள் உண்மையிலேயே செயற்கையானதுதான், ஆனால் நம்முடையது. 2012 அக்டோபரில் கியூரியாசிட்டியின் அருகே மண்ணில் மின்னிய சிறு துண்டு, ரோவரிலிருந்தே உதிர்ந்த பிளாஸ்டிக். 2022-இல் பெர்சிவியரன்ஸ் படம்பிடித்த பளபளப்பான தகடு வெப்பப் போர்வையின் கிழிசல். அதே ஆண்டு ஜூலையில் தெரிந்த நூல்பந்து போன்ற பொருளும் தரையிறங்கிய கலத்தின் எச்சமே. தரையிறங்கும்போது கழன்று விழும் பாராசூட், பின்கூடு, வெப்பக் கவசம் எல்லாம் அக்கம்பக்கத்தில்தான் விழுகின்றன; காற்று அவற்றின் துண்டுகளை இழுத்துப் போகும்.

செவ்வாயில் இறங்கிய ஆப்பர்ச்சுனிட்டி ரோவர் விஷயத்தில் ஊகம் கிளம்பியதற்கு நியாயம் இருந்தது என்றே சொல்வோம். 3528-ஆம் சோலில் வெறுமையாக இருந்த இடத்தில் 3540-ஆம் சோலில் சுமார் 4 சென்டிமீட்டர் அகலமுள்ள கல். ஓரம் வெளுப்பு, நடுவே அடர்சிவப்பு. குழுவினர் பின்னர் எடுத்த படங்களில் மேட்டுப் பக்கம் உடைந்த பாறை ஒன்று தெரிந்தது: ரோவரின் சக்கரம் ஏறி உடைத்துத் தள்ளிய துண்டு அது. 2014 பிப்ரவரியில் விளக்கம் வந்தது. ஒரே இடத்தின் முந்தைய, பிந்தைய சோல் படங்களையும் சக்கரத் தடத்தையும் சேர்த்துப் பார்த்ததால் கிடைத்த விடை.

சீனாவின் நிலவு ரோவரான யூட்டு-2 இன்னும் நேரான வழியில் போனது. நிலவின் மறுபக்கத்தில், வான் கார்மான் பள்ளத்தில், 2021 இறுதியில் தொடுவானத்தில் தெரிந்த கனசதுரத்தை "மர்மக் குடிசை" என்றார்கள். தூரம் சுமார் 80 மீட்டர். சில வாரங்களில் ரோவர் அருகே போய்ப் பார்த்தது. சிறு பள்ளத்தின் விளிம்பில் ஒரு சின்னக் கல். தொலைவில் சில பிக்சல்களே இருந்தால் எந்தக் கல்லும் சதுரமாகத் தோன்றலாம்.

நாங்கள் வருந்துவது வேறொன்றுக்காக. வியக்கத்தக்க பொருட்கள் செவ்வாயில் உண்மையாகவே கிடக்கின்றன. 2005 ஜனவரியில் ஆப்பர்ச்சுனிட்டி தன் வெப்பக் கவசத்தின் அருகே கண்ட இரும்பு-நிக்கல் கல், வேறொரு கோளில் அடையாளம் காணப்பட்ட முதல் விண்கல். 2022 பிப்ரவரியில் கியூரியாசிட்டி பூப்போன்ற ஒரு சென்டிமீட்டர் கனிமப் படிவைப் படமெடுத்தது. நீரில் கரைந்திருந்த கனிமங்கள் படிந்து உருவானது. 2024 ஜூலையில் ஜெசெரோ பள்ளத்தில் பெர்சிவியரன்ஸ் கண்ட சேயாவா ஃபால்ஸ் பாறையிலோ கதவும் இல்லை, முகமும் இல்லை. கறுப்பு விளிம்புள்ள, மில்லிமீட்டர் அளவுப் புள்ளிகள் மட்டும். அவற்றில் விவியனைட், கிரைகைட் போன்ற இரும்புக் கனிமங்கள் இருப்பதாகக் கருவிகள் காட்டின. 2025 செப்டம்பரில் வெளியான ஆய்வுக் கட்டுரையும் "உயிரின் சாத்தியமான தடயம்" என்ற அளவோடு நின்றது. உயிரில்லாமல் வேதிவினையால் மட்டும் அப்படி உருவாகுமா என்பதைப் பூமியின் ஆய்வகத்தில்தான் பிரித்தறிய முடியும். அதற்காக அந்தப் பாறையில் துளையிட்டு எடுத்த மாதிரி ஒரு குழாயில் மூடி வைக்கப்பட்டிருக்கிறது.