மூளையைத் தின்னும் அமீபா: சொல் விளக்கம்

கேரளத்தில் 2024-ஆம் ஆண்டு கோடைக்குப் பின் அடுத்தடுத்துச் சில பிள்ளைகள் இறந்தபோது, ‘மூளையைத் தின்னும் அமீபா’ என்ற தொடர் தமிழ்ச் செய்திகளில் பரவலாகப் புழங்கத் தொடங்கியது. சிலர் ‘உண்ணும்’ என்று எழுதினார்கள், சிலர் ‘தின்னும்’ என்றார்கள். ஆங்கிலத் தலைப்புகளில் ஓடிய பட்டப்பெயர்தான் இது, அப்படியே தமிழுக்கு வந்திருக்கிறது. கேட்டதும் குலை நடுங்கும். ஆனால் அந்த உயிரி எந்தத் தண்ணீரில் இருக்கிறது, எந்த வழியாக உடம்புக்குள் போகிறது, அதனால் வரும் நோய்க்கு என்ன பெயர் என்று எதையும் அது சொல்லாது. அதனால்தான் செய்தியைப் படித்தவர்கள் முதலில் கேட்ட கேள்வி, “அப்போ கிணத்துத் தண்ணியைக் குடிக்கலாமா?” என்பதாக இருந்தது. இந்த நோய் குடிப்பதால் வருவதே இல்லை.

முதலில் ‘அமீபா’ என்ற சொல். 1755-இல் நியூரம்பெர்க் நகரத்து ஓவியர் ரோசல் ஃபான் ரோசன்ஹோஃப், நுண்ணோக்கியில் நொடிக்கு நொடி வடிவம் மாறும் ஓர் உயிரைப் பார்த்து வரைந்தார். கிரேக்கப் புராணத்தில் நினைத்த உருவம் எடுக்கும் கடல் தெய்வம் புரோட்டியஸ். அந்த நினைவில் இதற்குச் ‘சின்ன புரோட்டியஸ்’ என்று பெயர் வைத்தார். பிறகு 1822-இல் பிரெஞ்சு இயற்கையியலாளர் போரி தெ சாந்-வின்சென்ட், மாற்றம் என்ற பொருளுள்ள ‘அமொய்பே’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து ‘அமிபா’ என்ற பேரினப் பெயரை உண்டாக்கினார். 1830-இல் ஜெர்மானியரான எஹ்ரன்பெர்க் எழுத்தைச் சற்றே மாற்றியதில் இன்றைய வடிவம் வந்தது. ஆக, உருமாறுவது என்பதே அமீபாவின் சொற்பொருள்.

தமிழில் இதற்குத் தனிச்சொல் தேவையா? தேவையில்லை என்பதே என் கருத்து. தமிழ்நாட்டுப் பாடநூலிலும் இலங்கைப் பாடநூலிலும் பிள்ளைகள் படிப்பது ‘அமீபா’ என்றுதான். ஒழுங்கில்லாத ஓரத்தோடு ஒரு படம் வரைந்து, உட்கரு, சுருங்கும் நுண்குமிழ், போலிக்கால் என்று பாகம் குறிக்காமல் பள்ளியைத் தாண்டியவர்கள் குறைவு. ‘போலிக்கால்’ நல்ல ஆக்கம். இல்லாத காலைத் தேவைப்படும்போது நீட்டிக்கொள்வதை ஒரே சொல்லில் காட்டிவிடுகிறது. அமீபா என்ற பெயரும் இப்போது நம்முடையதாகிவிட்டது. அதைப் பெயர்த்து வேறொன்றை நடுவதில் பயனில்லை.

குழப்பம் வேறு இடத்தில் இருக்கிறது. அமீபா என்றால் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது வயிற்றுக்கடுப்பு. “அமீபியாசிஸ்னு டாக்டர் சொன்னார், தண்ணியைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்” என்பது பழகிய பேச்சு. சீதபேதி உண்டாக்கும் அந்த அமீபா அசுத்தமான உணவிலும் தண்ணீரிலும் வாய் வழியாக வருவது, குடலில் தங்குவது. மூளைக்குப் போகும் அமீபாவுக்கு மனிதக் குடல் தேவையே இல்லை. அது குளத்திலும் ஏரியிலும் ஈரமண்ணிலும் பாக்டீரியாவைத் தின்று தானாக வாழும். பாடநூலில் நாம் வரைந்த அமீபாவுக்கும் இதற்கும்கூட உறவு வெகு தொலைவு. உயிரின வகைப்பாட்டில் இரண்டும் வெவ்வேறு கிளை.

இதன் முழுப் பெயர் நெக்லேரியா ஃபௌலரி. ‘நெக்லேரியா’ என்பது நேக்லர் என்ற ஆய்வாளரின் பெயரிலிருந்து வந்த பேரினப் பெயர். ‘ஃபௌலரி’ என்பது ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் குழந்தைகள் மருத்துவமனையில் நோய்க்குறியியல் மருத்துவராக இருந்த மால்கம் ஃபௌலரின் பெயர். அவரும் ரோட்னி கார்ட்டரும் 1965-இல், மூளை வீங்கி இறந்த நால்வரைப் பற்றி எழுதினார்கள். வழக்கமான மூளைக்காய்ச்சல் என்று நினைத்தது, மூளைத் திசுவை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் அமீபாவாக இருந்தது. சுதந்திரமாகத் தண்ணீரில் திரியும் ஓர் அமீபா மனிதரைக் கொல்லும் என்பதை மருத்துவ உலகம் அதற்கு முன் ஏற்றிருக்கவில்லை. 1970-இல் கார்ட்டர் இந்த இனத்துக்குத் தன் கூட்டாளியின் பெயரைச் சூட்டினார்.

அடிலெய்டு இருக்கும் தென் ஆஸ்திரேலியாவில் இந்நோய் ஏன் வந்தது என்பதிலேயே இந்த உயிரியின் குணம் தெரிந்துவிடும். அங்கே வறண்ட ஊர்களுக்குக் குடிநீர், தரைக்கு மேலே கிடக்கும் இரும்புக் குழாய்களில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் வந்தது. வெயில் குழாயைக் காய்ச்ச, உள்ளே தண்ணீர் வெதுவெதுப்பாகும். வழி நெடுகக் குறைந்துகொண்டே போய், வந்து சேரும்போது தண்ணீரில் குளோரினும் மிஞ்சாது. நெக்லேரியாவுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. சூட்டை விரும்பும் உயிர் அது, 46 டிகிரி செல்சியஸ் வரை தாங்கி வளரும். கடலின் உப்பு அதற்கு ஒத்துக்கொள்ளாது, ஒழுங்காகக் குளோரின் போட்ட நீச்சல்குளத்திலும் பிழைக்காது. நன்னீர், வெப்பம், அசைவில்லாத தண்ணீர், அடியில் சேறு என்றால் கோடையில் அது பெருகும். குளிர்ந்தால் கூடு கட்டிக்கொண்டு சேற்றில் கிடக்கும். இரை குறைந்தாலோ தண்ணீரின் தன்மை மாறினாலோ இரண்டு கசையிழைகளை முளைக்கவைத்து நீந்தவும் செய்யும். ‘அமொய்பே’ என்ற வேர்ச்சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான உயிரைக் காண்பது அரிது.

இனி அந்தத் ‘தின்னும்’ என்ற எச்சம். பொய் என்று தள்ளிவிட முடியாது. மூளைக்குள் போனபின் அது கிண்ணம் போன்ற வாய்களால் நரம்புச் செல்களைக் கடித்து விழுங்குகிறது. ஆனால் மூளையைத் தேடிக்கொண்டு அது அலைவதில்லை. குளத்தில் குதிக்கும்போது, முங்கும்போது, மூக்கில் தண்ணீர் ஏறிச் சுர்ரென்று எரிகிறதே, அந்தத் தண்ணீரோடு மூக்கின் மேல் கூரைக்குப் போய்ச் சேருகிறது. அங்கே மூக்குக்கும் மூளைக்கும் நடுவில் மெல்லிய எலும்புத் தகடு ஒன்று உண்டு. வாசனையை அறியும் நரம்பு இழைகள் மேலே போவதற்காக அதில் பொடிப்பொடித் துளைகள் இருக்கும். உடற்கூற்று நூல்கள் அதைச் சல்லடைத் தட்டு என்கின்றன, இலத்தீனிலும் அதற்குச் சல்லடை என்றே பெயர். அமீபா அந்த நரம்பு இழைகளைப் பிடித்துக்கொண்டு, சல்லடைத் துளை வழியாக மூளையின் முன்பக்கத்துக்கு ஏறிவிடுகிறது. உடலின் எதிர்ப்புச் சக்தி அதை அழிக்கப் பாய்வதில் மூளை வீங்குகிறது. மண்டையோட்டுக்குள் வீக்கத்துக்கு இடமில்லை. உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அந்த அழுத்தம்தான்.

நோயின் மருத்துவப் பெயர் நீளமானது. மூளை உறையைக் குறிக்கும் ‘மெனிங்ஸ்’, தலைக்குள் இருப்பது என்று பொருள்படும் ‘என்கெபலோஸ்’, அழற்சியைக் குறிக்கும் ‘ஐட்டிஸ்’ ஆகிய மூன்று கிரேக்கத் துண்டுகளைச் சேர்த்து, முன்னால் ‘முதன்மை அமீபா’ என்று போட்டால் அது. தமிழில் சொல்லுக்குச் சொல் வைத்தால் ‘முதன்மை அமீபா மூளையுறை-மூளை அழற்சி’. மருத்துவ நூலுக்கு இது சரி. இதில் ‘அழற்சி’ அருமையான சொல். அழல் என்றால் நெருப்பு. சிவந்து, சுட்டு, வீங்குவதைக் குறிக்கும் ஐரோப்பியச் சொல்லும் இலத்தீனில் தீ மூட்டுவது என்ற வேரிலிருந்துதான் வந்தது. இரண்டு மொழிக்காரர்களும் புண்ணைத் தொட்டுப் பார்த்து ஒரே பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

பேச்சுக்கும் செய்திக்கும் நான் பரிந்துரைப்பது ‘அமீபா மூளைக்காய்ச்சல்’. மூளைக்காய்ச்சல் என்பது மக்களிடம் ஏற்கெனவே இருக்கும் சொல். ‘ஜப்பானிய மூளைக்காய்ச்சல்’ தடுப்பூசி முகாம் வழியாக ஊர்ப்புறங்களிலும் தெரிந்த சொல். காய்ச்சல், கடும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு என்ற படம் அதைக் கேட்டதும் வந்துவிடும். முன்னால் ‘அமீபா’ சேர்ந்தால் காரணமும் தெரியும். கேரளத்திலும் அதிகாரபூர்வமாக ‘அமீபிக் மஸ்திஷ்க ஜ்வரம்’ என்றே சொல்கிறார்கள், அதாவது அமீபா மூளைக்காய்ச்சல். ‘எலிக் காய்ச்சல்’ என்ற பெயரை எண்ணிப் பாருங்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் கால் வைத்தால் வரும் நோய் என்பதற்கான குறிப்பு அந்தப் பெயரிலேயே கிடைக்கிறது. நோயின் பெயர் அப்படி உதவ வேண்டும்.

இன்னொரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சல் என்று கணக்கில் வருவதெல்லாம் நெக்லேரியா அல்ல. அகாந்தமீபா என்ற இன்னொன்றும் உண்டு. ‘அகாந்தா’ கிரேக்கத்தில் முள். உடம்பெங்கும் முள்போல் நீட்சி இருப்பதால் அந்தப் பெயர். அது மெதுவாக, வாரக்கணக்கில், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களைத் தாக்கும். குளத்தில் குளிக்காதவர்களுக்கும் வரலாம். நெக்லேரியாவோ பெரும்பாலும் நல்ல உடல்நலத்தோடு இருக்கும் சிறுவர்களையும் இளைஞர்களையும் தாக்கும். தண்ணீர் மூக்கில் ஏறி சராசரியாக ஐந்து நாளில் அறிகுறி, அதிலிருந்து சராசரியாக ஐந்து நாளில் மரணம். செய்தியில் இரண்டையும் ஒரே பட்டப்பெயரில் போட்டுவிடுவதால், ‘குளிக்கவே இல்லையே, எப்படி வந்தது’ என்ற குழப்பம் வருகிறது.

எவ்வளவு அரிது என்றால், அமெரிக்காவில் 1962 முதல் 2023 வரை பதிவானவர்கள் 164 பேர். கோடிக்கணக்கானோர் ஏரியிலும் ஆற்றிலும் குளிக்கும் நாட்டில், 62 ஆண்டுகளில் அவ்வளவுதான். ஆனால் அவர்களில் பிழைத்தவர்கள் 4 பேர். தண்ணீரில் மூழ்கி இறப்பவர்களோ உலகம் முழுவதும் 2021-இல் மட்டும் ஏறத்தாழ 3 லட்சம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே குளத்துக்குப் போகும் பிள்ளைக்கு முதலில் நீச்சல் தெரிய வேண்டும். அமீபாவுக்குப் பயந்து நீச்சல் கற்பதை நிறுத்துவது தவறான கணக்கு.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான், எல்லாமே மூக்கைப் பற்றியது. கடும் கோடையில் தேங்கி நிற்கும் வெதுவெதுப்பான தண்ணீரில் குதிக்கவும் முங்கவும் வேண்டாம். முங்கியே ஆக வேண்டுமென்றால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளலாம், மூக்குக் கிளிப் போட்டுக்கொள்ளலாம். அடிச்சேற்றைக் கலக்க வேண்டாம். 2025 நவம்பரில் சபரிமலை மண்டல காலம் தொடங்கியபோது, ஆற்றில் குளிக்கும்போது மூக்கில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளும்படி கேரள சுகாதாரத் துறை பக்தர்களைக் கேட்டுக்கொண்டது. பம்பையில் முங்கும் நம் ஊர்க்காரர்களுக்கும் அது பொருந்தும். யோகப் பயிற்சியில், மூக்கில் தண்ணீர் விட்டுக் கழுவும் ஜலநேதி செய்பவர்கள் இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் லூசியானாவில் 2011-இல் இருவர் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவியதிலேயே இந்நோய் வந்து இறந்தார்கள். பாகிஸ்தானின் கராச்சியில் தொழுகைக்கு முன் மூக்கில் நீரேற்றிச் சுத்தம் செய்யும்போதும் வந்திருக்கிறது. மூக்குக்குள் விடும் தண்ணீர் எதுவானாலும் கொதிக்கவைத்து ஆறவைத்ததாக இருக்க வேண்டும். கொதிக்கவைக்காத தண்ணீரைக் குடித்தாலும் இந்த அமீபா ஒன்றும் செய்யாது.

காய்ச்சல் வந்துவிட்டால் முக்கியம் ஒரு தகவல். தமிழில் ‘குளித்தான்’ என்றால் வீட்டுக் குளியலறையும் அதில் அடங்கும், ஊர்க் குளமும் அடங்கும். மருத்துவர் அதை வைத்துப் பிரித்தறிய முடியாது. “நாலு நாளைக்கு முன்னாடி குளத்துல முங்கிக் குளிச்சான், மூக்குல தண்ணி ஏறுச்சு” என்று முழுசாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஆரம்ப அறிகுறிகள் பாக்டீரியா மூளைக்காய்ச்சலைப் போலவே இருக்கும். முதுகுத் தண்டிலிருந்து எடுத்த நீரிலும் வெள்ளையணுக்கள் நிறைந்திருக்கும், ஆனால் தேடினால் பாக்டீரியா இருக்காது. அமீபாவைச் சந்தேகித்தால், அந்த நீரைக் குளிர்பெட்டியில் வைக்காமல், எடுத்த சூட்டோடு ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் விட்டு உடனே பார்ப்பார்கள். வெள்ளையணு போலத் தெரியும் ஒன்று ஒரு பக்கமாகப் போலிக்காலை நீட்டி நகர்ந்தால், அதுதான். குளிரில் வைத்த நீரில் அது அசையாமல் கிடக்கும், தவறவிட்டுவிடுவார்கள்.

2024 ஜூலையில் கோழிக்கோடு பக்கத்துச் சிறுவன் ஒருவன் பிழைத்து வீடு திரும்பினான். அவன் தந்தை இந்த நோயைப் பற்றி முன்பே படித்திருந்தார், மகன் குளத்தில் குளித்ததை மருத்துவமனையில் சொன்னார். உடனே ஆம்போடெரிசின் பி-யும், காலா அசார் என்ற ஒட்டுண்ணிக் காய்ச்சலுக்குக் கொடுக்கும் மில்டெஃபோசினும், கூடவே வேறு சில மருந்துகளும் தொடங்கப்பட்டன. அதே மாதம் கேரள அரசு இந்நோய்க்கென்று தனி மருத்துவ வழிகாட்டி வெளியிட்டது. அங்கே 2025-இல் இந்தப் பெயரில் பதிவான நோயாளிகளில் இறந்தவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர். நெக்லேரியா அல்லாத அமீபாக்களும் கணக்கில் இருப்பது ஒரு காரணம், முதல் நாளே முதுகுநீரைச் சோதிப்பது இன்னொரு காரணம்.