டியூபுலர் என்றால் தையல் டயர்

‘பந்தய வீரர்கள் குழாய் டயர்களைக் கைவிட்டுக் குழாயற்ற டயர்களுக்கு மாறிவருகிறார்கள்.’ சாலை சைக்கிள் பந்தயம் பற்றித் தமிழில் எழுதப்படும் எதைப் புரட்டினாலும் இந்த வாக்கியம் ஏதாவது ஒரு வடிவத்தில் எதிரே வந்து நிற்கிறது. இதில் ‘குழாய் டயர்’ என்பது பந்தய சைக்கிள்களின் டியூபுலர் டயருக்கும், ‘குழாயற்ற டயர்’ என்பது டியூப்லெஸ் டயருக்கும் வைத்த பெயர்கள். படிக்கிறவர் என்ன நினைப்பார்? டயருக்குள் ஒரு டியூப் இருந்தது, அதை எடுத்துவிட்டார்கள், மோட்டார் சைக்கிளில் எப்போதோ நடந்த மாற்றம் இப்போது சைக்கிளுக்கும் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அடுத்த பத்திக்குப் போவார். மொழிபெயர்த்தவரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார் என்பது என் சந்தேகம்.

சொல்லின் பிறப்பில் சிக்கல் ஏதுமில்லை. லத்தீனில் டியூபுஸ் என்றால் குழாய், டியூபுலுஸ் என்றால் சிறு குழாய். ஆங்கிலத்தின் டியூபுலருக்கும் இத்தாலியரின் டியூபோலாரேவுக்கும் வேர் அதுதான். அகராதியைத் திறந்தால் ‘குழாய் வடிவமான’ என்று இருக்கும். அதை அப்படியே எடுத்து டயருக்கு முன்னால் ஒட்டிவிட்டார்கள்.

பொருளைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள். நாம் அன்றாடம் ஓட்டும் சைக்கிளில் டயரின் குறுக்குவெட்டு, வாய் திறந்த லாடம் போல இருக்கும். அதன் இரு ஓரங்களும் ரிம்மின் உள்விளிம்பைப் பிடித்துக்கொள்ளும், டியூப் தனியாக உள்ளே கிடக்கும். டியூபுலரில் அந்த வாயே கிடையாது. பருத்தி, பட்டு அல்லது நைலான் இழைத் துணியால் டியூபைச் சுற்றி மூடி, அடிப்பக்கத்தில் தைத்து, தையலின் மேல் ஒரு துணிப்பட்டையை ஒட்டிவிடுவார்கள். அந்தப் பட்டையை ரிம்மில் பசை போட்டு ஒட்ட வேண்டும். ரிம்மும் வேறு: கவ்விப் பிடிக்க விளிம்பு இல்லாமல், ஆழமற்ற பள்ளமாக மட்டும் இருக்கும். ஒன்றின் டயர் இன்னொன்றின் ரிம்மில் நிற்காது. ‘குழாய் டயர்’ என்று படித்துவிட்டு வாங்கியவர் கையில் பயனற்ற ரப்பர் வளையம்தான் மிஞ்சும்.

காற்றடித்தால் எல்லா டயரும் குழாய்தான். பிரித்துக் காட்டாத பெயர் எதற்கு? பிரெஞ்சுக்காரர்கள் இதை ‘புவாயோ’, அதாவது குடல் என்கிறார்கள். அமெரிக்கர்கள் ‘தைத்தது’ என்ற பொருளில் ‘சோ-அப்’ என்றார்கள். இருவரும் பொருளைத் தொட்டுப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள். நாம் மட்டும் அகராதியைத் தொட்டுப் பார்த்தோம்.

‘ஒட்டு டயர்’ என்று சொல்லலாமே என்பவர்கள் உண்டு. பசைதான் இதன் உயிர் என்பதால் காரணம் நியாயமானது, சொல் நியாயமானதல்ல. பஞ்சர் கடை இருக்கும் எந்த ஊரிலும் ஒட்டுப் போட்டது என்றால் ஓட்டையை அடைத்தது. புதிதாக வாங்கிய விலையுயர்ந்த பந்தய டயரைப் பழைய டயராக்கிவிடும் பெயர் அது. ‘தைத்த டயர்’ என்பதிலும் இதே வம்பு. முள் தைத்த டயரா என்று கேட்பார்கள். ‘குழலுரு உருளிப்பட்டை’ என்றும் ஒரு வீரத்தமிழ் ஆக்கம் உலவுகிறது. டயர் என்ற சொல்லைத் தமிழர் எல்லோரும் அறிவார்கள். அதைத் துரத்திவிட்டு யாருக்கும் தெரியாத ஒன்றைக் கொண்டுவந்தும் குழாய் என்ற தவறு அப்படியே இருக்கிறது. தூய்மைக்காகத் தெளிவை விற்றார்கள், தூய்மையான தவறு கிடைத்தது.

‘தையல் டயர்’ போதும். தையலுக்குப் பெண் என்ற பொருளும் உண்டே என்று புலவர் யாரும் சண்டைக்கு வரமாட்டார். தையலே இல்லாத டியூபுலர்களும் சில உண்டு என்பது மட்டும் உண்மையான ஆட்சேபம். ஆனால் இஸ்திரிப் பெட்டியில் துணியை அழுத்தும்போது அதில் கரி இருக்கிறதா மின்சாரம் இருக்கிறதா என்று பார்த்தா பெயர் சொல்கிறோம்? பெரும்பான்மையின் பெயர் சிறுபான்மைக்கும் பொருந்தும். எதிர்த்தரப்பான கிளிஞ்சருக்கு, அதாவது ரிம்மைக் கவ்விப் பிடிக்கும் நம் அன்றாட டயருக்கு, ‘கவ்வு டயர்’ என்று வைத்துக்கொண்டால், டியூப்லெஸ் எங்கே நிற்கிறது என்பதும் விளங்கும்: டியூப் நீங்கிய கவ்வு டயர் அது. வீரர்கள் டியூபை மட்டும் கழற்றவில்லை, ரிம்மையே மாற்றினார்கள்.

பெயர் தவறினால் செய்தியும் தவறும். 2003 டூர் டி பிரான்ஸில் கேப் நகரை நோக்கிய இறக்கத்தில், வெயிலில் இளகிய தாரில் ஸ்பெயின் வீரர் ஜோசெபா பெலோகியின் பின்சக்கரம் வழுக்கியது. டயர் ரிம்மிலிருந்து கழன்று, அவர் தொடை எலும்பு முறிந்தது. இதைக் ‘குழாய் டயர்’ என்று எழுதினால் குழாய் வெடித்தது என்றுதான் படிப்பவர் எண்ணுவார். டயர் கழன்றது என்றால் பசையின் பிடி விட்டது என்று பொருள், அது பசையை அறிந்தவருக்குத்தான் எட்டும். நன்றாக ஒட்டிய தையல் டயர் காற்று இறங்கினாலும் ரிம்மை விட்டுப் போகாது. அணியின் கார் வந்து சேரும்வரை அதன் மேலேயே ஓட்டலாம். பந்தய வீரர்கள் இதை இவ்வளவு காலம் விடாமல் இருந்ததற்கு இது ஒரு காரணம். ரிம்மின் எடை குறைவு என்பது இன்னொன்று.

வாங்குவோருக்கான குறிப்புகளின் மொழிபெயர்ப்பு இன்னும் மோசம். நெருக்கமான இழையுள்ள பருத்தி உறை மிருதுவாக ஓடும், ஈரத்தில் சீக்கிரம் கெடும். உள்ளே லேடெக்ஸ் (ரப்பர் பால்) டியூப் இருந்தால் ஓட்டம் இலகு, ஆனால் காற்று மெல்லக் கசியும், ஓட்டும் நாளெல்லாம் காலையில் பம்பை எடுக்க வேண்டும். பாரிஸ்–ரூபே பந்தயத்தில் வருவது போன்ற கல் பாவிய பாதைக்கு அகலமான டயர், குறைந்த காற்று. இவ்வளவுதான் விஷயம். இதை ‘உயர் நூல் எண்ணிக்கை கொண்ட உறைக் கட்டமைப்பு’ என்று எழுதிவைத்தால் வேட்டி விளம்பரம் என்று நினைத்துத் தாண்டிப் போவார்கள்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம், ஒன்றைத் தவிர. ரிம் என்ற சொல்லுக்கு அகராதியில் விளிம்பு என்று இருப்பதால், ‘விளிம்பில் பசை தடவவும்’ என்று எழுதுகிறார்கள். நம்பித் தடவியவர் இரு ஓரங்களிலும் பசையைப் பூசி, டயர் உட்கார வேண்டிய நடுப்பள்ளத்தை வெறுமையாக விட்டு, மலையிறக்கத்தில் பிரேக் பிடிப்பார். ‘ரிம்மின் பள்ளம் முழுவதும் மெல்லியதாகப் பசை தடவி உலர விடவும், டயரின் அடிப்பட்டையிலும் அப்படியே செய்யவும், மறுநாள் இன்னொரு பூச்சுத் தடவிப் பொருத்தவும்’ என்று எழுத எந்தக் கலைச்சொல்லும் வேண்டியதில்லை.