ஹிமாச்சல்ல 97, மகாராஷ்டிரால 46: வேலை இடத்து பாலியல் தொல்லை புகார் ஏன் ஊருக்கு ஊர் மாறுது?

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் வருஷா வருஷம் ஒரு கணக்கு விடுவாங்க. அதுல 2022-க்கு வேலை செய்யுற இடத்துல பாலியல் தொல்லைன்னு பதிவானது நாடு முழுக்க 419 கேஸ். ஹிமாச்சல் பிரதேசம் 97, கேரளா 83, மகாராஷ்டிரா 46, கர்நாடகா 43. ஹிமாச்சலோட மொத்த ஜனத்தொகையே 70 லட்சம் பக்கம்தான், மகாராஷ்டிரா 2011-லயே 11 கோடிய தாண்டியாச்சு, மும்பை புனே நாசிக்னு அத்தன ஆபீஸ், ஃபேக்டரி, ஆஸ்பத்திரி எல்லாம் சேத்து வருஷத்துக்கு வெறும் 46-ன்னா யாராச்சும் நம்புவாங்களா சொல்லுங்க. இத அப்படியே எடுத்துட்டு "சிம்லா பக்கம் பொண்ணுங்கள வேலைக்கு அனுப்பாதீங்க"ன்னு ஃபார்வர்ட் பண்ண ஒருத்தர எனக்கே தெரியும். என் கவலையெல்லாம் கம்மியா காட்டுற ஊர பத்திதான்.

இது போலீஸ் கணக்கு மட்டும், அதாவது எஃப்.ஐ.ஆர் போட்டாதான் இதுல ஏறும். ஆபீஸ் கமிட்டியிலயே புகார் குடுத்து, அவங்க விசாரிச்சு, ஆள வேலைய விட்டு தூக்கியிருந்தாலும் இந்த 419-ல அது கிடையாது. இன்னொரு பக்கம் தேசிய மகளிர் ஆணையத்த பாத்தா படம் மொத்தமா மாறுது. 2023-ல அங்க வந்த 28,811 புகார்ல 16,109 உத்தரப் பிரதேசத்துலேர்ந்து மட்டும். அது குடும்ப வன்முறை, வரதட்சணைன்னு எல்லா வகை புகாரும் சேந்த கணக்கு, ஆனாலும் பாதிக்கு மேல ஒரே மாநிலம். ஜனத்தொகை பெருசுங்கறது ஒரு காரணம், ஆணையம் டெல்லில இருக்கு, ஹிந்தில பேசிட்டா வேலை முடியும்ங்கறதும் காரணம்னு எனக்கு தோணுது. நம்ம ஊர்ல பிரச்சனைன்னா மொதல்ல மகளிர் ஸ்டேஷன்தான் ஞாபகம் வரும், டெல்லிக்கு யாரு எழுதப்போறா.

சரி, சட்டம் என்ன சொல்லுது. 1992-ல ராஜஸ்தான்ல குழந்தை கல்யாணத்த தடுக்கப் போன பன்வாரி தேவிங்கற அரசு கிராமப் பணியாளருக்கு நடந்த கொடுமையிலேர்ந்துதான் 1997-ல வேலை இடத்து பாலியல் தொல்லைக்கு வழிமுறை போட்ட சுப்ரீம் கோர்ட்டோட விசாகா தீர்ப்பு வந்துச்சு, அதுக்கப்புறம் 16 வருஷம் கழிச்சு 2013-ல சட்டம். 10 பேர் இல்ல அதுக்கு மேல வேலை பாக்குற எந்த இடமா இருந்தாலும் உள்ளக புகார் குழு வச்சே ஆகணும். தலைவரா அங்கயே வேலை பாக்குற சீனியர் பெண் ஒருத்தர், பாதிப்பேராவது பெண்கள், வெளியிலேர்ந்து ஒரு உறுப்பினர். பிராஞ்ச் தனியா இருந்தா அதுக்கு தனி கமிட்டி, ஹெட் ஆபீஸ் சென்னையில இருக்குன்னு மதுரை பிராஞ்சுக்காரங்கள அங்க அனுப்பக்கூடாது. வைக்கலேன்னா 50,000 ரூபா வரைக்கும் அபராதம், திரும்பவும் மாட்டுனா ரெண்டு மடங்கு, லைசென்ஸ் கூட போகலாம்.

ஒவ்வொரு கமிட்டியும் வருஷக் கடைசியில எத்தன புகார் வந்துச்சு, எத்தன முடிஞ்சுதுன்னு அறிக்கை எழுதணும், அது இந்த சட்டத்துக்குன்னு அரசு போடுற மாவட்ட அதிகாரிக்கு போகணும். நான் முன்ன ஒரு கம்பெனி ஹெச்.ஆர்-ல உக்காந்திருந்தப்ப அந்த அறிக்கைய நானே டைப் பண்ணியிருக்கேன். டைப் பண்ணேன்னு சொல்றது கூட பெரிய வார்த்தை, போன வருஷ ஃபைல ஓப்பன் பண்ணி வருஷத்த மட்டும் மாத்தி சேவ் பண்ணேன், எல்லா கட்டத்துலயும் "இல்லை, இல்லை, இல்லை"ன்னு ஏற்கனவே அடிச்சு வச்சிருந்தாங்க. கமிட்டி பேர் ஒட்டுன பேப்பர் கேன்டீன்ல தண்ணி கேன் அடுக்கு பின்னாடி இருந்துச்சு, அதுல ரெண்டாவதா இருந்த மேடம் வேலைய விட்டுப் போயி ரெண்டு வருஷம். அந்த கம்பெனியில ஒண்ணுமே நடக்கலையான்னு கேட்டா, லேடீஸ் பாத்ரூம் பக்கம் பத்து நிமிஷம் நின்னாலே போதும், எந்த சூப்பர்வைசர் கூட தனியா ஸ்டோர் ரூம் போகக்கூடாதுன்னு புதுசா சேர்ற பொண்ணுங்களுக்கு பழையவங்க சொல்லிக்குடுக்கறது காதுல விழும். ஆனா மாவட்டக் கணக்குல நாங்க பூஜ்யம்.

பெரிய கம்பெனிகளுக்கு இப்ப கொஞ்சம் பிடி இறுகியிருக்கு. 2025 ஜூலை 14-லேர்ந்து டைரக்டர்கள் அறிக்கையில எத்தன புகார் வந்துச்சு, எத்தன முடிஞ்சுது, 90 நாளுக்கு மேல எத்தன தொங்குதுன்னு எண்ணிக்கையாவே சொல்லணும். அதுவும் மொத்த கம்பெனிக்கும் சேத்துதான், எந்த ஊர்ல எத்தனன்னு அதுல தெரியாது.

ஊருக்கு ஊர் உண்மையில வித்தியாசம் பெருசா தெரியறது உள்ளூர் புகார் குழுலதான். 10 பேருக்கு கம்மியா இருக்குற கடை, தையல் யூனிட், வீட்டு வேலை, இல்ல முதலாளியே தப்பு பண்ணவர்னா, இவங்களுக்கெல்லாம் மாவட்டத்துக்கு ஒண்ணு இருக்க வேண்டிய இந்த குழுதான் கதவு. நிறைய பொண்ணுங்க வேலை பாக்குறது இந்த மாதிரி இடத்துலதான். 2018-ல மார்த்தா ஃபாரெல் அறக்கட்டளை 655 மாவட்டத்துக்கு தகவல் உரிமையில கேட்டாங்க, குழு அமைச்சிருக்கோம்னு பதில் வந்தது 29 சதவீதத்துலேர்ந்துதான், பாதிக்கு மேல பதிலே போடல. புகார் வாங்க ஆளே இல்லாத மாவட்டத்துல புகார் எங்கேர்ந்து வரும். 2024 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு கோவா கேஸ் ஒண்ணுல கடுப்பாகி, டிசம்பர் 31-க்குள்ள எல்லா மாவட்டத்துலயும் அதிகாரிய போடு, 2025 ஜனவரி 31-க்குள்ள குழுவ அமைன்னு தேதி போட்டு உத்தரவு போட்டுச்சு, சட்டம் வந்து 11 வருஷம் கழிச்சு.

அதே சமயம் திண்டுக்கல்ல பாருங்க. 2021-ல ஒரு கார்மெண்ட் தொழிலாளி கொலையானதுக்கு அப்புறம், 2022 ஏப்ரல்ல தொழிற்சங்கமும் கம்பெனியும் துணி வாங்குற வெளிநாட்டு பிராண்டுகளும் சேந்து ஒப்பந்தம் போட்டாங்க. லைன்ல வேலை பாக்குற பொண்ணுங்களுக்கே டிரெயினிங் குடுத்து கண்காணிக்க வச்சாங்க. பக்கத்து மெஷின்ல உக்காந்திருக்கறவகிட்ட சொன்னா போதும்னு ஆனதும், அது வரைக்கும் வெளிய வராத குறையெல்லாம் பேப்பர்ல ஏற ஆரம்பிச்சுது. வெளியிலேர்ந்து பாக்குறவனுக்கு திடீர்னு அங்க புகார் ஜாஸ்தியான மாதிரி தெரியும்.

கேரளா 83-ம் எனக்கு இப்படித்தான் தெரியுது. சினிமாக்காரப் பொண்ணுங்க கோர்ட்டுக்கு போயி, ஒவ்வொரு பட யூனிட்டுலயும் கமிட்டி வேணும்னு 2022 மார்ச்ல ஹைகோர்ட்ல தீர்ப்பு வாங்குன ஊரு அது, கேட்டு வாங்கற பழக்கம் இருக்கு.

உங்களுக்கு தேவைப்பட்டா என்ன பண்ணனும்னா, சம்பவம் நடந்து மூணு மாசத்துக்குள்ள உங்க இடத்துக்கான குழுகிட்ட (உள்ளகமோ உள்ளூரோ) எழுத்துல குடுக்கணும், தொடர்ந்து நடந்துச்சுன்னா கடைசியா நடந்த தேதியிலேர்ந்து எண்ணணும், நியாயமான காரணம் இருந்தா குழு இன்னொரு மூணு மாசம் தரலாம். எழுதத் தெரியலேன்னா எழுத உதவி பண்றது குழுவோட கடமை. 90 நாளுல விசாரணை முடியணும், நடுவுல வேற இடத்துக்கு மாத்தச் சொல்லியோ மூணு மாசம் வரைக்கும் லீவோ கேக்கலாம், அது உங்க சொந்த லீவுல கழியாது. நிரூபிக்க முடியலேங்கற ஒரே காரணத்துக்காக பொய்ப் புகார்னு உங்க மேல நடவடிக்கை எடுக்க முடியாது, இத வச்சு மிரட்டுறவங்க நிறைய. காசு வாங்கிட்டு சமரசம்ங்கற பேச்சுக்கு சட்டத்துல இடமே இல்ல. போலீஸுக்கு போறது தனி உரிமை, ரெண்டும் ஒரே நேரத்துல பண்ணலாம்.

உள்ளூர் புகார் குழு எங்க இருக்குன்னு தெரியலேன்னா கலெக்டர் ஆபீஸ்ல மாவட்ட சமூக நல அலுவலர கேளுங்க, தமிழ்நாட்டுல 181-க்கு போன் போட்டாலும் வழி சொல்லுவாங்க. தாலுகா அளவுல ஒரு நோடல் அதிகாரி இருக்கணும், அவர்கிட்ட குடுத்தா ஏழு நாளுல குழுவுக்கு அனுப்பணும். ஆன்லைன்னா இந்தப் புகாருக்குன்னே மத்திய அரசு வச்சிருக்குற ஷீ-பாக்ஸ் போர்ட்டல், 2024 ஆகஸ்ட்ல புதுசாக்கி விட்டிருக்காங்க. கையில குடுக்கறதா இருந்தா விதிப்படி ஆறு காப்பி கேப்பாங்க, நீங்க ஏழா ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போங்க, ஏழாவதுல தேதியோட சீல் வாங்காம அந்த மேஜைய விட்டு நகராதீங்க, நாளைக்கு லேட்டா வந்தீங்கன்னு யாராச்சும் சொன்னா காட்டறதுக்கு அது ஒண்ணுதான் கையில இருக்கும்.