பார்வை குறைவதைக் கண் சொல்லுமா?

யாழ்ப்பாணத்தில் நாற்பது வயதைத் தாண்டிய பலருக்கு, வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி வாங்கும் நாளே கண் பரிசோதனை நாளாகவும் அமைந்துவிடுகிறது. கடையில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையின் சிறிய வரிகளையும் வாசித்துவிட்டால், கண்ணில் ஒரு குறையும் இல்லை என்ற நிம்மதியோடு வீடு திரும்புகிறோம். ஆனால் 1862 இல் நெதர்லாந்து மருத்துவர் ஸ்நெல்லன் வெளியிட்ட அந்தப் பலகை அளப்பது, விழித்திரையின் நடுவிலுள்ள மிகச் சிறிய பகுதியின் கூர்மையைத்தான். சுற்றியுள்ள பரப்பில் பெரும்பகுதி பழுதடைந்த ஒருவராலும் இயல்பான பார்வைக்குரிய 6/6 வரியை வாசித்துவிட முடியும்.

பழுது அவருக்கே தெரியாமல் இருப்பது எப்படி? ஒரு வெள்ளைத் தாளில் 8 சென்ரிமீற்றர் இடைவெளியில் இரண்டு புள்ளிகளை இட்டு, இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் இடப்பக்கப் புள்ளியை மட்டும் உற்றுப் பாருங்கள். தாளை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினால், ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் தூரத்தில் வலப்பக்கப் புள்ளி மறைந்துபோகும். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் கலங்கள் இல்லாமையே அதற்குக் காரணம். கவனிக்க வேண்டியது புள்ளி மறைந்ததை அன்று. மறைந்த இடத்தில் கரும்பொட்டு எதுவும் தோன்றாமல் வெறும் வெள்ளைத் தாளே தெரிகிறதே, அதைத்தான். இல்லாத காட்சியைச் சுற்றுப்புறத்தைக் கொண்டு மூளை நிரப்பிவிடுகிறது.

குளுக்கோமா என்னும் நோய் மறைந்து வளர்வதற்கு இந்த நிரப்பலே வசதி செய்து கொடுக்கிறது. கண்ணின் முன்பகுதியில் ஒரு தெளிந்த நீர் இடையறாது சுரந்து, இரத்தக் குழாய்கள் இல்லாத வில்லைக்கும் கருவிழிப் படலத்துக்கும் ஊட்டம் கொடுத்தபின், ஓரத்திலுள்ள சல்லடை போன்ற இழையத்தின் வழியே வடிகிறது. (கண்ணீர் வேறு, இது வேறு.) கிணற்றடித் தொட்டியின் போக்குத் துவாரத்தில் பாசி அடைத்திருக்க, மேலே நீர் விழுந்துகொண்டே இருந்தால் என்ன ஆகும்? தொட்டி வழிந்துவிடும், கண்ணுக்கு வழிய இடமில்லாததால் அமுக்கம் ஏறுகிறது. அந்த அமுக்கம் பார்வை நரம்பிலுள்ள சுமார் பத்து இலட்சம் இழைகளைச் சிறிது சிறிதாக அழிக்கிறது. பொதுவாகப் பக்கப் பார்வையே முதலில் போகும். ஒரு கண்ணின் குறையை மற்றக் கண் ஈடுசெய்யும். ஒழுங்கையின் பக்கத்திலிருந்து வந்த சைக்கிளைக் காணாமல் மோதிய பிறகே சிலர் ஐயுறுகிறார்கள். இறந்த இழைகள் மீள்வதில்லை. துளிமருந்தோ லேசரோ சத்திரசிகிச்சையோ எஞ்சியதைக் காப்பதற்கே உதவும்.

கண் அமுக்கம் பெரும்பாலோரில் பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீற்றர் வரை இருக்கும். இந்த எல்லைக்குள் இருந்தும் நரம்பு அழிபவர்கள் உண்டாகையால், அமுக்கத்தை அளப்பதோடு நின்றுவிடாமல் நரம்பின் முகப்பையும் நேரில் பார்த்தாக வேண்டும். அதற்கு ஒரு தடை இருந்தது: கண்ணுக்குள் சென்ற ஒளி வந்த வழியே திரும்புவதால், அதைக் காணப் பார்ப்பவர் விளக்கு இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். 1851 இல் ஜேர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ், சாய்வாக வைத்த கண்ணாடித் தகட்டால் விளக்கொளியைக் கண்ணுக்குள் திருப்பி, அதே தகட்டின் ஊடாக உள்ளே பார்க்கும் கருவியை விவரித்து வெளியிட்டார். தோலை வெட்டாமலே இரத்தக் குழாய்களை நேரில் காணக்கூடிய இடமாக விழித்திரை அன்றிலிருந்து மருத்துவருக்குத் திறந்தது. சலரோகத்தால் நுண்குழாய்கள் புடைப்பதும் கசிவதும், பார்வை மங்குவதற்கு முன்பே அங்கே தெரிந்துவிடும்.

ஆகவே சலரோகம் உள்ளவர்கள், பார்வையில் குறை தோன்றாவிட்டாலும், ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்டுவது அவசியம். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ குளுக்கோமா இருந்தால், நாற்பது வயதுக்குள்ளேயே ஒரு முழுப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. பரிசோதனைக்கு முன் கண்மணியை விரிக்கத் துளிமருந்து விடுவார்கள். அதன்பின் சில மணிநேரம் கிட்டப் பார்வை மங்கும், நமது வெயிலோ தாங்க முடியாதபடி கூசும். கிளினிக்குக்கு மோட்டார் சைக்கிளில் தனியே போகாமல், திரும்பி வரும்போது ஓட்டுவதற்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள்.